விழாத பேனா

ஆய்வுக்கூடத்தின் புதுத் தொட்டியில் விட்டதுமே வரியன் என்ற மீன் நேரே அடியில் போய் ஒட்டிக்கொண்டது.

"மேலே வா மச்சான்," என்றது பக்கத்துத் தொட்டிப் பொட்டன். "அடியிலேயே கிடந்தா பயந்தாங்கொள்ளின்னு எழுதி, பயம் போக்குற மருந்துத் தண்ணியில போட்டுடுவாங்க. என்னைப் போட்டாங்களே. இப்போ பூனை வந்தாலும் சிரிப்புதான் வருது."

அந்தச் சிரிப்பு வரியனுக்கு வேண்டவே வேண்டாம். ஆனாலும் துடுப்பு அசையவில்லை. எதிரே நோட்டும் பேனாவுமாக நின்ற மாணவி இந்துமதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் பேராசிரியரின் செருப்புச் சத்தம் கேட்டது. உடனே இந்துமதி, விழாத பேனாவைத் தேடுவதுபோல மேசைக்கடியில் குனிந்துகொண்டாள்.

இவள் எங்கே போனாள்? வரியன் தன்னை மறந்து மேலே ஏறி எட்டிப் பார்த்தது.

உள்ளே வந்த பேராசிரியர் தொட்டியைப் பார்த்தார். "மருந்து நல்லா வேலை செய்யுதே. அப்படியே எழுதிக்கம்மா."

மேசைக்கடியிலிருந்து முதலில் நோட்டு மேலே வந்தது. பிறகு இந்துமதி மெல்ல எழுந்து நின்றாள்.

"சார், அதுக்கு இன்னும் மருந்தே குடுக்கல."

வரியன் பக்கத்துக் கண்ணாடியில் வாயை வைத்துக் கேட்டது: "மச்சான், இவளுக்கு எப்போ குடுத்தாங்க?"