சின்னதாக இரண்டு ஹாரன்

கம்பளிக்குள் கால் விரல்களை ஆட்டிப் பார்த்தார். கதகதவென்று இருந்தன.

அடடா, இதல்லவா வாழ்க்கை!

வெளியே ஜோலார்பேட்டை முழுக்கப் பனி. விடிந்தும் விடியாத மார்கழி. இத்தனை வருஷமாக இந்த நேரத்துக்கு ரயில் என்ஜினுக்குள் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சிக்னலைத் தேடியிருப்பார். போன மாதம் மாலை போட்டு, சால்வை போர்த்தி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இனி பனி கொட்டினால் என்ன, கொட்டாவிட்டால் என்ன.

வீட்டுக்குப் பின்னால்தான் தண்டவாளம். ஏதோ ஒரு எக்ஸ்பிரஸ் தடதடத்துப் போனது.

"போ ராஜா, போ. இன்னிக்கு எவன் மாட்டிக்கினானோ!"

சிரித்துக்கொண்டே புரண்டு படுத்தார். பக்கத்தில் மனைவி இந்திராணி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

தூக்கம் வர வேண்டும். வரவில்லை.

சங்கவி இன்னும் தாண்டவில்லை.

ஒரே மகள். சரக்கு வண்டியில் உதவி ஓட்டுநர். வேலையில் சேர்ந்து அவளுக்கு இதுதான் முதல் பனிக்காலம். நேற்று அரக்கோணம் போனாள். அங்கிருந்து வண்டி எடுத்து, வீட்டு வழியாகத்தான் சேலம் போகிறாள்.

கிளம்பும்போதே சொல்லியிருந்தார். "வீட்டத் தாண்டும்போது சின்னதா ரெண்டு ஹாரன் அடிச்சிட்டுப் போ பாப்பா. அப்பா முழிச்சிக்கினுதான் இருப்பேன்."

அது அவருடைய பழக்கம். சர்வீஸ் முழுக்க, வீட்டைத் தாண்டும்போதெல்லாம் சின்னதாக இரண்டு. வந்துவிட்டேன், சுடுதண்ணி வை என்று பெண்டாட்டிக்குச் சேதி. ஓட்டுநர்கள் ஓய்வறையில் இதை வைத்து அவரைக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

டமார்!

எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

தண்டவாளத்து வெடி. பனி கண்ணை மறைக்கும் நாட்களில் சிக்னலுக்கு முன்னால் ஆள் போய்த் தண்டவாளத்தின்மேல் பொருத்திவிட்டு வருவார். சக்கரம் ஏறினால் வெடிக்கும். முன்னால் சிக்னல் இருக்கிறது, பார்த்துப் போ என்று அர்த்தம்.

பார்த்தாளா?

என்ஜினுக்குள் ஒருவர் சிக்னலைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் தானும் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதில்தான் வினையே. பனிக்குள் இல்லாத பச்சை ஒருவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அவர் பச்சை என்பார். பழக்க தோஷத்தில் மற்றவர் வாயும் பச்சை என்றுவிடும்.

சின்னப் பெண். தலை நரைத்த ஓட்டுநரைப் பார்த்து, இல்ல சார், ரெட்டு என்று சொல்லிவிடுவாளா?

பிரேக் அலறியது. பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் சத்தம் கடைசிப் பெட்டிவரை போய் அடங்கியது.

பிறகு சத்தமே இல்லை.

நின்றுவிட்டதா? சிவப்பைத் தாண்டிப் போய் நின்றதா?

"ரெட்டுனு சொல்லும்மா. சொல்லும்மா," என்று அவர் வாய் முணுமுணுத்தது.

செல்போனை எடுத்தார். திரும்ப வைத்தார். வண்டியில் ஏறினால் போனை அணைத்துவிட வேண்டும் என்று அவளிடம் படித்துப் படித்துச் சொன்னதே அவர்தான்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

என்ஜின் உறுமியது. வண்டி நகர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஆடின.

மூச்சைப் பிடித்துக்கொண்டார். என்ஜின் வீட்டுக்கு நேர் பின்னால் வந்தது. தாண்டியது.

ஹாரன் இல்லை.

பெட்டிகள் போயின, போயின, போய்க்கொண்டே இருந்தன. சனியன், முடிந்து தொலைகிறதா!

கடைசிப் பெட்டியும் போனது. ஹாரன் இல்லை.

அப்படியானால் இது அவள் வண்டி இல்லை. அவள் வண்டி எங்கே? இதுதான் என்றால் ஏன் அடிக்கவில்லை? என்ன ஆயிற்று என் பிள்ளைக்கு?

துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தார். பனி குப்பென்று உள்ளே வந்தது.

"எங்க கெளம்பிட்டீங்க?"

இந்திராணி. சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். அந்தக் குரலில் தூக்கம் துளிகூட இல்லை.

"ஹாரன் வரல."

"வராது. அடிக்காதன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன்."

அவருக்குச் சுருக்கென்று வந்தது கோபம். "இன்னாத்துக்கு? உனக்கு இன்னா பைத்தியமா? இங்க ஒருத்தன் உயிரக் கையில புடிச்சிக்கினு..."

"ஒரு நாள் நீங்க அடிக்காம போய்ட்டீங்க. பாப்பா அப்ப கைக்கொழந்த."

யோசித்துப் பார்த்தார். எந்த நாள் என்று தெரியவில்லை. யாரோடாவது பேசிக்கொண்டே வந்திருப்பார்.

"கொழந்தைய இடுப்புல வெச்சிக்கினு லைன் ஓரமாவே ஸ்டேஷன் வரிக்கும் ஓடனேன். செருப்புகூடப் போடல. நீங்க டீ குடிச்சிக்கினு, யார்கிட்டயோ சிரிச்சிக்கினு நின்னீங்க. பாத்துட்டு, அப்பிடியே திரும்பி வந்து சுடுதண்ணி வெச்சேன்."

"சொல்லவே இல்லியே நீ."

"சொன்னா உங்களுக்கு வண்டி ஓட்டக் கை வருமா?"

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அதுக்கப்பறம் நீங்க வண்டிக்குப் போன ஒரு ராத்திரியும் நான் தூங்கல. அந்த ஹாரன் பழக்கம் பாப்பாவுக்கு வேணாம். அது நம்மளோட போவட்டும்." கம்பளியைக் காதுவரை இழுத்துக்கொண்டாள். "கதவ சாத்துங்க. குளுருது."

தூரத்தில், அரக்கோணம் பக்கமிருந்து, இன்னொரு வண்டியின் சத்தம் லேசாகக் கேட்டது.

"நீ தூங்கு," என்றார்.

கதவைச் சாத்தினார். வெளியே நின்றபடி.