இரண்டு மணி ஊசி

டெலிபோன் அடித்தபோது அச்யுத் கூடத்துத் தரையில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தான்.

வெளியே, ஜூன் மாதத்தில் யாரும் பார்த்திராத மழை. மந்தைவெளித் தெருவில் ஸ்கூட்டர்கள் சீட் வரை முழுகி நின்றன.

"தம்பி, நான் ஜஹீதா. ராயப்பேட்டைலேர்ந்து பஸ்ஸே போவல. அம்மாவோட ரெண்டு மணி ஊசிய நீங்களே போட்டுடுங்க. கைச்சதையில குத்தினா போதும். பயப்படாதீங்க."

நர்ஸுக்கு அவனைப் பற்றித் தெரியாது. மூன்று நாளாகக் கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய அவன் கிடப்பதை ஃப்ளூ ஜுரம் என்று சொல்லி வைத்திருந்தாள் அம்மா.

ஃப்ளூ இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் நந்தனத்தில் ஸ்கூட்டரோடு விழுந்து தொடை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. வலிக்குப் போட்ட ஊசியை அவனால் விட முடியவில்லை. வேலை போயிற்று. நிச்சயமான கல்யாணம் நின்றது. அடையாறில் போதையை விடவைக்கும் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்து சரியாக்கி அனுப்பினார்கள்.

ஐம்பத்து மூன்று நாள் தாக்குப்பிடித்தான். ஐம்பத்து நான்காம் நாள், லஸ்ஸில் பழைய மருந்துக் கடையைத் தாண்டும்போது கால் படியேறிவிட்டது. அப்புறம் பத்து நாள், தினமும். பதினோராம் நாள் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் இல்லை என்றான். விட்டு இன்றைக்கு மூன்றாம் நாள்.

அம்மாவுக்கு எலும்பில் புற்றுநோய். அவனுக்குப் போட்ட அதே மருந்தைத்தான் அவளுக்கும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டிருந்தாள் அம்மா.

இப்போது அந்தச் சாவியைக் கழற்றி நீட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோ. பூட்டிண்டு வந்துடு."

எடுத்தான். பூட்டினான். சாவியைத் திருப்பிக் கொடுத்தான்.

ஆம்ப்யூல் குப்பியின் கழுத்தை உடைக்கும்போதுகூடக் கை உதறிக்கொண்டிருந்தது. மருந்து சிரிஞ்சில் ஏறி நின்றதும் உதறல் நின்றுவிட்டது. உடம்புக்கு வெட்கம் கிடையாது.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கையைக் கொடுத்தாள். குத்துவதற்குச் சதை தேட வேண்டியிருந்தது.

அழுத்தினான். பாதியில் கட்டைவிரல் நின்றது.

அழுத்துடா என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டான். விரல் அசையவில்லை. அவன் கால்களுக்குள் யாரோ கயிறு போட்டு முறுக்கினார்கள்.

"போறும்டா," என்றாள் அம்மா, சுவரைப் பார்த்தபடியே.

ஊசி எரிகிறது, அதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தான். அப்படி நினைக்கத்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. உருவிக்கொண்டு எழுந்தான்.

குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டான். ஊசியை மாற்றக்கூட இல்லை. அழுதுகொண்டேதான் போட்டுக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் மூக்கில் நீர் நின்றது. முறுக்கு தளர்ந்தது. மழைச் சத்தம் எங்கோ தள்ளிப் போனது. ஈரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அந்தச் சுகத்துக்குள் வேறு யாருக்கும் இடமில்லை. எப்போதுமே இருந்ததில்லை.

அப்போது அம்மாவின் அறையிலிருந்து டிரான்சிஸ்டர் சத்தம் கேட்டது.

படுக்கையில் விழுந்த பிறகு அவள் அதைத் தொட்டதேயில்லை. இன்றைக்கு அவளாகவே போட்டிருக்கிறாள். அப்படியென்றால் பாதி மருந்தே அவளுக்குக் கேட்டிருக்கிறது. அவளுக்கும் வலி அடங்கிவிட்டது, தனக்கும் அடங்கிவிட்டது. யாருக்கும் எதுவும் குறைந்துபோகவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு, மூன்று நாளில் முதல் முறையாக நிமிர்ந்து நடந்து போனான்.

அறை வாசலில் நின்றுவிட்டான்.

டிரான்சிஸ்டரில் பாட்டு இல்லை, பேச்சு இல்லை. முள் எந்த ஸ்டேஷனிலும் நிற்கவில்லை. வெறும் இரைச்சல். சத்தத்தைக் கடைசிவரை திருகி வைத்திருந்தாள்.

துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

அவனைப் பார்த்ததும் அவசரமாகத் துண்டை எடுத்தாள். மூச்சு வாங்கியது. ஒவ்வொரு வார்த்தையாகத்தான் கேட்க முடிந்தது.

"இப்போ... உனக்குத் தேவலையாடா?"