பழுதாப்போன எஞ்சின்

“எஞ்சினைக் கழட்டிப்போட்டியளோ? உங்களுக்கென்ன விசரோ அண்ணை?”

அன்ரனிட்டா போட்ட சத்தத்தில், ஊர்காவற்றுறை மைதானத்து மூலையில் வடை தின்றுகொண்டு நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

எமிலியானுஸ் நிமிரவில்லை. போட்டிக்குச் செய்த சின்ன மாதிரி விமானத்தின் மூக்கில் எஞ்சின் இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்ரிக் காற்றாடியை மாட்டி, றப்பர் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

“பழுதாப் போச்சுது பிள்ளை. ஸ்ராட் எடுக்குதில்லை.”

“முந்தநாள் கடற்கரையிலை நல்லா வேலை செய்ததுதானே!”

“முந்தநாள் செய்தது. இண்டைக்குச் செய்யேல்லை.”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? சின்னனிலேயே கொழும்புக்குப் போய், அங்கேயே படித்து, சண்டை ஓய்ந்த பிறகுதான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வந்தவள். “தீவாருக்கு வள்ளம் விடத்தான் தெரியும்” என்று கூடப் படித்தவர்கள் பண்ணின பகிடி இன்னும் காதுக்குள் நிற்கிறது. இப்போதுதான் தீவுப் பகுதிக்கு முதல் விமானப் போட்டி வந்திருக்கிறது. வெல்லுகிறவர்கள் கொழும்புப் போட்டிக்குப் போகலாம்.

றிமோட்டால் பறக்கவிட நேவி விடாது. அதனால் ஒரே சட்டம்: விமானம் தரையிலிருந்து தானாக ஏறவேண்டும், தானாகப் பறக்கவேண்டும், சுண்ணாம்பு வட்டத்துக்குள் தானாக இறங்கவேண்டும். இடையில் ஒருவரும் கை வைக்கக்கூடாது.

எஞ்சின், கனடாவிலிருந்து அவளுடைய அண்ணன் ஜோர்ஜ் அனுப்பியது. செட்டை அவள் செய்தது. குறித்த நேரத்தில் எஞ்சினை நிற்பாட்டி வாலைத் திருப்பிவிடுகிற மூளை மட்டும் எமிலியானுஸுடையது. தன்னுடைய பழைய எலாம் மணிக்கூட்டை உடைத்து அதற்குள் வைத்திருந்தார். தீவில் எந்த வள்ளத்து எஞ்சின் படுத்தாலும் அவரிடம்தானே கொண்டு வருவார்கள்!

அந்த ஆளுக்கு, இந்தக் கைக்குள் அடங்குகிற எஞ்சினை ஸ்ராட் பண்ண ஏலாதாம்!

மைக் பிடித்துக்கொண்டிருந்த செல்வரத்தினத்தாருக்கு இது அவல் கிடைத்த மாதிரி.

“அடுத்தது எங்கடை எஞ்சின் டொக்டர் எமிலியானுஸ்! டொக்டருக்கே எஞ்சின் கைவிட்டிட்டுதாம்!”

சனம் கொல்லென்று சிரித்தது. “இனி என்ரை மெசினை வேறை ஆளிட்டைத்தான் குடுக்கவேணும்” என்றார் வள்ளம் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டியார். எமிலியானுஸும் தலையைச் சொறிந்துகொண்டு சேர்ந்து சிரித்தார். அன்ரனிட்டாவுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

எமிலியானுஸ் விமானத்தை நிலத்தில் வைத்துக் கையை எடுத்தார்.

குடுகுடுவென்று புழுதியில் ஓடியது. ஒரு துள்ளுத் துள்ளியது. பிறகு, ஐயோ, என்ன சொல்ல! நிலத்தை விட்டுத் தானாக எழும்பியது. ஒரு சத்தமில்லை. பனை வட்டுக்கு மேலே போய், வெயிலில் செட்டை மினுங்க, கடற்பக்கம் வளைந்தது.

சிரித்த வாயெல்லாம் அப்படியே திறந்தபடி நின்றன. கிழடு கட்டை, குஞ்சு குருமன் எல்லாம் அண்ணாந்து பார்த்தன.

“மாதாவே, ஆளில்லாமல் போகுது!”

வடை சுட்டுக்கொண்டிருந்த இராசமணி அக்கா சின்ன மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, “அங்கை பார் குஞ்சு, அங்கை பார்!” என்று வானத்தைக் காட்டினா. அன்ரனிட்டாவும் கோபத்தை மறந்து கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

மணிக்கூடு வேலை செய்தது. வால் திரும்பியது. விமானம் மெல்ல மெல்ல இறங்கி நிலத்தைத் தொட்டது.

வட்டத்துக்கு வெளியே.

எஞ்சினுக்கென்று செய்த விமானத்துக்கு றப்பரின் இழுவை அவ்வளவுதான். சனம் கை தட்டோ தட்டென்று தட்டியது. ஆனால் வட்டத்துக்குள் இறங்கினது, றப்பரில் ஓடுகிறதற்கென்றே நிரோஜன் என்ற பெடியன் செய்த விமானம். கொழும்புக்குப் போகிறதும் அவன்தான்.

பரிசு குடுக்கிற நேரம், எமிலியானுஸின் சாமான் பையில் துவாயால் சுற்றியபடி எஞ்சின் கிடப்பதை அன்ரனிட்டா கண்டாள். சோதித்துப் பார்க்கிற பலகையில் பூட்டியபடியே இருந்தது. பெற்றோலும் இருந்தது.

பழுதோ, இல்லையோ? எல்லாரும் பார்க்கட்டும்! பக்கத்திலிருந்த வாங்குப் பலகைக்கு மேலே வைத்துக் காற்றாடியை விரலால் சுண்டினாள்.

“பிள்ளை, வேண்டாம்!” எமிலியானுஸ் ஓடி வந்தார்.

முதல் சுண்டிலேயே பிடித்துவிட்டது. ங்ஙீஈஈ என்று மைதானம் முழுக்க அலறியது.

“பாத்தியளே! இதுவோ பழுது?” என்று வெற்றியோடு நிமிர்ந்தாள்.

பார்க்க ஒருவருமில்லை.

“பொம்மர்! விழுந்து படுங்கோ!”

சம்மாட்டியார் குப்புறக் கிடந்தார். செல்வரத்தினத்தார் மைக்கையும் போட்டுவிட்டு மேசைக்குக் கீழே கிடந்தார். இராசமணி அக்கா மகளைத் தனக்குக் கீழே போட்டு மூடிக்கொண்டு கிடந்தா. சற்று முன்னர் வானத்தை அண்ணாந்து பார்த்த அத்தனை முகமும் புழுதிக்குள் கிடந்தது.

எமிலியானுஸ் பெற்றோல் குழாயைப் பிடுங்கினார். சத்தம் நின்றது.

அன்ரனிட்டா வாங்கை விட்டு விலகினாள். “அண்ணை... எனக்கு... தெரியாது...”

“உனக்கு எப்பிடித் தெரியும் பிள்ளை? பொம்மர் வந்து குண்டு போட்ட காலம் நீ இஞ்சை இல்லைத்தானே. காலமை கோயிலடியிலை ஒருக்கால் ஸ்ராட் எடுத்துப் பாத்தனான். இராசமணி அக்கா கொதிச்ச எண்ணெயையும் விட்டிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினவ.”

சொல்லிவிட்டு, விழுந்து கிடந்த மைக்கை எடுத்தார்.

“எழும்புங்கோ, எழும்புங்கோ! பயப்பிடாதையுங்கோ! என்ரை பழுதாப்போன எஞ்சின்தான். திருத்துவம் எண்டு பாத்தனான், எனக்கு ஏலாமல் போச்சுது!”