அரக்கில் பதிந்த கட்டைவிரல்

மகள் பிறந்த வாரம், பிராந்தி கலந்த இனிப்பு ஒயினை ஒயின்காரர் இரண்டு புட்டிகளில் நிரப்பினார். ஒன்றுக்கு மச்சான் திருகுமூடி போட்டான். மற்றதை மனைவி தக்கையால் அடைத்து, அரக்கு ஊற்றி, சூடு ஆறுமுன் கட்டைவிரலைப் பதித்தாள். "இவ கல்யாணத்தன்னிக்கு நானேதான் திறப்பேன்" என்றாள். அதற்கு அவளுக்குக் கொடுப்பினை இல்லை. மறு வருஷமே போய்ச்சேர்ந்தாள்.

இன்று கல்யாணம். மச்சானின் புட்டியை முதலில் திறந்து ருசித்தார்கள்; ஒயின் அன்றிருந்தபடியே பழுக்காமல் பச்சையாக இருந்தது.

"உன் மூடி மூச்சே விடாது மாப்ளே. அப்புறம் எப்படிப் பழுக்கும்?" என்றார் ஒயின்காரர் மச்சானிடம்.

"உங்க தக்கை மட்டும் என்ன தங்கமா அத்தான்? பாதியைக் காத்து குடிச்சிருக்கும்!"

ஒயின்காரர் தக்கை அடைத்த புட்டியை எடுத்தார். அம்மாவின் கையிலிருந்து மகளுக்கு வரப்போவது அது ஒன்றுதான். புட்டியை வெளிச்சத்தில் பிடித்தார். இத்தனை வருஷத்தில் இரண்டு விரற்கடையாவது இறங்கியிருக்க வேண்டிய ஒயின், கழுத்துவரை நின்றது. கத்தியால் அரக்கை உடைக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார்.

"சுடுது மாப்ளே."

மச்சானும் தொட்டுப் பார்த்தான். அரக்கு இளகியிருந்தது. "கத்தியைக் கீழ வைங்க அத்தான். அக்காதானே திறக்கிறேன்னு சொன்னா?"

அருகில் வந்து நின்ற மணப்பெண்ணோடு மூவரும் பார்த்துக்கொண்டிருக்க, தக்கை மெல்ல மேலே ஏறியது. அறையெங்கும் பழுத்த மணம். அவள் சிரித்துக்கொண்டே ஓடிப்போய் நான்கு கோப்பைகளோடு வந்தாள்.