ஐந்தாவது சிப்

“நாலுதான் கண்டுபிடிச்சிருக்க ரொஹாயா. நான் கலந்து வச்சது அஞ்சு.”

சியூ பெங் தாளை மேசைமேல் வைத்தாள். பாயான் லெப்பாஸில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலையில் மாதம் ஒருமுறை இந்தச் சோதனை உண்டு. நல்ல சிப்புகள் நூற்றுக்குள் பழுதானவை ஐந்தைச் சத்தமில்லாமல் கலந்துவிடுவார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பெண் ஐந்தையும் பிடிக்க வேண்டும். ஒன்று தவறினாலும் நாற்காலி போச்சு, பேக்கிங் பிரிவுக்குப் போக வேண்டியதுதான்.

“அங்க பன்னண்டு மணி நேரம் நிக்கணும். என் முட்டி தாங்குமா?” என்றாள் ரொஹாயா.

“எனக்கு மட்டும் ஆசையா? ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தவங்க நாம. பெருநாளுக்குப் பெருநாள் உன் வீட்டு ரெண்டாங் கறி சாப்பிட்ட வாய் இது. உன் கண்ணு போயிடுச்சுன்னா நான் என்ன செய்ய?”

“என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. அந்த அஞ்சாவதைக் காட்டு.”

சியூ பெங் சோதனைப் பொறுப்புக்கு உயர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் அவள் மைக்ராஸ்கோப்பில் கண் வைப்பதே பழுதானவற்றைப் பொறுக்கத்தான். யாருக்கும் சலுகை காட்டமாட்டாள். ஐந்தாவதை மட்டும் வேண்டுமென்றே கடினமானதாகப் பார்த்து எடுப்பாள்.

அந்தச் சிப்பை மைக்ராஸ்கோப்பில் வைத்து உட்கார்ந்து பார்த்தாள். “இதோ, குறுக்கால மயிரிழை மாதிரி விரிசல். நல்லாவே தெரியுது.”

ரொஹாயாவும் பார்த்தாள். “ஒண்ணும் இல்லையே. சிப்பைத் திருப்பிப் பாரு.”

சியூ பெங் திருப்பினாள். சிப் திரும்பியது, கோடு திரும்பவில்லை.

சியூ பெங்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்ப இது விரிசல் இல்ல, கண்ணாடியில தூசு. பொழச்ச போ. உன் நாற்காலியை யாரும் தூக்கல.”

சிரித்துக்கொண்டே கண் வைக்கும் குழாயைத் துடைத்தாள். கழற்றித் திருப்பி மாட்டினாள். கோடு அப்படியே இருந்தது.

“பக்கத்து மைக்ராஸ்கோப்புல பாரு,” என்றாள் ரொஹாயா. அவள் குரல் இறங்கியிருந்தது.

அதில் இருந்தது வேறு சிப், நல்லதென்று தேறிய சிப். அதிலும் அதே இடத்தில் அதே கோடு.

“அப்ப கோடு என் கண்ணுலதான் இருக்கு,” என்றாள் சியூ பெங். ரொஹாயாவுக்கு முட்டியும் நாற்காலியும் மறந்துபோயின. தோழியின் தோளில் கை வைத்தாள்.

“கண் ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வர்றேன் பெங். இப்பவே கிளம்பு.”

“கிளம்பலாம். அதுக்கு முன்னாடி பேக்கிங்குக்குப் போகணும்,” என்றாள் சியூ பெங். “இந்தக் கோட்டைப் பாக்கலன்னு இதுவரைக்கும் மூணு பேரை அங்க அனுப்பியிருக்கேன்.”