கார்டில் இல்லாத பெயர்

இந்த வீட்டில் யாரும் சர்ச்சுக்குப் போவதில்லை என்று அவர் சொன்னார்.

குரல் நடுங்கவில்லை.

நடுங்காததுதான் அவரைத் தூக்கிவாரிப்போட்டது. இருபத்திரண்டு வருஷமாக ஊர்க் கோடியில் தகரக் கொட்டகைச் சபையில் ஜெபம் நடத்துகிறவர். பாஸ்டர் வராத வாரங்களில் பிரசங்கமும் அவர்தான்.

ஆர்.ஐ. எழுதிக்கொண்டார். தாலுகா ஆபீசிலிருந்து விசாரணைக்கு வந்த வருவாய் ஆய்வாளர். சின்ன வயது, தன்மையான ஆள். மோரைக் குடித்து முடித்து, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுத்தான் ஃபைலையே திறந்தார்.

யாரோ தாசில்தாருக்கு மொட்டைக் கடிதாசி போட்டிருந்தார்கள். மதம் மாறிய குடும்பம் என்று. அது உண்மை என்று ஆகிவிட்டால் மகளின் எஸ்.சி. சான்றிதழ் செல்லாது. சான்றிதழ் போனால் வேலை போச்சு. கருவூலத்தில் இளநிலை உதவியாளர். நாலு தடவை பரீட்சை எழுதி இருபத்தெட்டு வயதில் வாங்கிய வேலை. உத்தரவு கைக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகிறது.

அதனால் காலையிலேயே அவர் வீட்டின் கோலத்தை மாற்றியிருந்தார்.

வசனக் காலண்டர் கட்டிலுக்கு அடியில் போனது. பைபிள்கள் அரிசி டிரம்முக்குள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய முருகன் படம் ஆணியில் ஏறியது. அதற்கு இரண்டு முழம் கதம்பம்.

திருநீற்றை அவரே பூசிக்கொண்டார். மூன்று விரல்களும் வழியை மறக்கவில்லை.

மனைவிக்குக் குங்குமமும் அவரே வைத்துவிட்டார். அவள் முகத்தைக் காட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று தரம் சொல்லிக்கொடுத்தார். மூன்று தரமும் தலையை ஆட்டினாள்.

அவளைப் பற்றி அவருக்குப் பயமே இல்லை. சபைக்கு அவள் வருவது அவருடைய தொந்தரவு தாங்காமல். கடைசிப் பாயில் சுவரோரமாக உட்காருவாள். பாதிப் பிரசங்கத்தில் தலை தொங்கிவிடும். சாட்சி சொல்ல எழுப்பினால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். கல்லுகூடக் கரையும், இவள் கரைய மாட்டாள் என்று பாஸ்டரிடம் அவர் எத்தனையோ முறை சலித்துக்கொண்டிருக்கிறார்.

ஆர்.ஐ. ரேஷன் கார்டைப் பிரித்தார். தரையில் உட்கார்ந்திருந்த அவள் பக்கம் திரும்பி, பெயர் என்ன என்று கேட்டார். சும்மா, ஒரு வழக்கத்துக்கு.

"மார்த்தாள்" என்றாள்.



அது அவர் வைத்த பெயர். குளத்தில் முங்கி ஞானஸ்நானம் எடுத்த அன்று வைத்தது. கரை ஏறின ஈரம் காய்வதற்குள், சாகிற வரைக்கும் தான் பேச்சியம்மாதான் என்று சண்டை போட்டவள் அவள். புதுப் பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அழைத்து அழைத்து அலுத்துப்போய் அவரே விட்டுவிட்டார். அது ஆயிற்று இருபது வருஷம்.

கார்டில் வேறு பெயர் இருக்கிறதே என்றார் ஆர்.ஐ., மெதுவாக.

"அது கார்டுல சார். நாங்க வேதக்காரங்க."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது.

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் மோர் டம்ளரைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள். 

ஆர்.ஐ. பேனாவை மூடினார். வெளியே போய் ஒரு போன் பேசிவிட்டு வருவதாகச் சொன்னார். வந்ததும் மறுபடி கேட்பாராம். இந்தத் தடவை வீட்டுத் தலைவர் சொல்வதை மட்டும்தான் எழுதிக் கையெழுத்து வாங்குவாராம். அந்த ‘மட்டும்’ அழுத்தமாக வந்தது.

முற்றத்து வேப்பமரத்தடியில் போய் நின்றார். போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

உள்ளே அவர் கட்டிலிலிருந்து குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். பெற்ற பிள்ளை வாயில் மண்ணைப் போட்டுவிட்டாயே என்றார். இத்தனை வருஷம் இல்லாத பக்தி இன்றைக்கு எங்கிருந்து வந்து குதித்தது என்றார். ஆர்.ஐ. வந்ததும், வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று சொல் என்றார்.

அவள் நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை, வீம்பு இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்தவரிடம் கேட்கிற முகம்.

"நீங்கதான மெய்யின்னு சொன்னிய. அப்போ மெய்யில்லையா?"



வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

மகள்தான் முதலில் அசைந்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். ஆர்.ஐ. உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி அப்பாவுக்கு நேர் எதிரே போட்டாள்.

பிறகு போய் அம்மாவை ஒட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.