துடைக்காத பொட்டு

தனபாலன் தன் பழைய காரை எனக்கு விற்றபோது, எஞ்சின் மூடியின் ஓரத்தில் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருந்தான். "கோயில்ல பூஜை பண்ணி வெச்சது மச்சான், துடைச்சிராத" என்றான். நானும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத்தான் இத்தனை நாள் துடைத்தேன்.

இன்று ஆயில் கசிந்தது. வீட்டு வாசலிலேயே பானெட்டைத் திறந்து, எஞ்சின் மூடியைக் கழற்றக் குனிந்தேன். தனபாலன்தான் டார்ச் பிடித்தான். மற்ற திருகுகள் எல்லாம் வந்துவிட்டன. கடைசித் திருகு பொட்டுக்கு அடியில் இருந்தது. பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினேன். திருகின் தலை மட்டும் கையோடு வந்தது. உடைந்த மீதி உள்ளேயே இறுகிக் கிடந்தது. தலையைப் பசை வைத்து ஒட்டியிருந்தான்.

வெளிச்சம் மெல்ல டயர் பக்கம் நகர்ந்தது.

"நான்தான் துடைக்காதேன்னு சொன்னேனே, மச்சான்."